மனை வாங்குமுன் மண்ணைப் பாருங்கள்

நெசவாளர் குடியிருப்புக்கென்றோ, விளைபொருள் கிட்டங்கிக்கென்றோ சங்கங்கள் நிலம் வாங்க முற்படுங்கால், நிர்வாகக் குழுவில் முதலில் எழுவது ஏக்கர் என்ன விலை என்ற கேள்வி. அடுத்தது, சாலைக்கு எவ்வளவு தூரம் என்பது. மண் எத்தகையது, பாறை எத்தனை அடியில் இருக்கிறது, மழைநீர் எவ்வழி வந்து எவ்வழி போகும் என்பவற்றைக் கேட்பார் அரியர். மலிவாகக் கிடைக்கும் மனைகள் பலவற்றின் மலிவுக்குக் காரணம் அந்த மண்ணிலேயே இருக்கிறது என்பது நாம் ஊர்தோறும் கண்டது.

குழித்தறி நெசவாளர்க்கு இது தலையாய விஷயமாகும். பிறர் தரைக்கு மேல் வாழ்கின்றனர். இவரோ கால்களைத் தரைக்குக் கீழே வைத்து உழைக்கிறார். குழியில் சிறிது ஈரப்பதம் இருப்பது பருத்தி நூலுக்கு நல்லதே. பாவிழை அறுபடுவது குறையும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலெழும் தாழ்ந்த மனையில் குழியே கிணறாகிவிடுகிறது. மற்ற வீட்டுக்காரருக்குச் சுவரில் ஓதம் காண்பதோடு தொல்லை தீரும். நெசவாளருக்கோ, பொங்கல் விற்பனைக்குச் சரக்கு வேண்டிய சமயத்தில் தறியே நின்றுபோகும். ஆகவே அண்டையிலுள்ள கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதைக் கார்த்திகையில் அளந்து பார்க்க வேண்டும். சித்திரையில் பார்த்த கிணறு எதையும் சொல்லாது.

அடுத்தது கரிசல். பருத்திக்கு உகந்த அம்மண் கட்டடத்துக்குப் பொல்லாதது. அதிலுள்ள மான்ட்மொரில்லோனைட் என்னும் களிமண் நீரை உள்வாங்கி வீங்கும்; வெயிலில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஆண்டுதோறும் இவ்வாறு ஏறி இறங்கும் நிலத்தின்மேல் ஆழமின்றி இட்ட அஸ்திவாரம் பிளவுபடாமல் என் செய்யும்? மண்ணின் இக்குணத்தை அறிய எளிய சோதனையொன்று உண்டு. உலர்த்திப் பொடித்து, நுண்ணிய சல்லடையில் சலித்த மண்ணில் பத்துப் பத்துக் கிராமாக எடுத்து, 100 மில்லி அளவுக் குழாய்கள் இரண்டில் இடவேண்டும். ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கலக்கி, 24 மணி நேரம் அசையாது வைக்கவேண்டும். மண்ணெண்ணெயில் மண் வீங்காது. தண்ணீரில் படிந்த மண்ணின் அளவு அதைப்போல் இரு மடங்கை எட்டினால், கடுமையாக வீங்கும் மண் எனக் கொள்ளலாம். அதற்காகக் கரிசலில் கட்டவே முடியாதென்பதில்லை. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மண்ணுக்கென்றே, அடியில் குமிழ்போல் அகன்ற தூண் அஸ்திவார முறையை வகுத்திருக்கிறது. ஆனால் அச்செலவையும் நிலத்தின் விலையோடு கூட்டிப் பார்த்த பின்னரே மலிவைப் பற்றிப் பேசவேண்டும்.

செம்மண் பூமி பொதுவாகப் பாரத்தை நன்கு தாங்கும். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடும்பாறைப் பிரதேசமாதலால், பல இடங்களில் அச்செம்மண் சில அடிக்கனமே. அதன்கீழ் சிதைந்த பாறை. அதற்கும் கீழே வெடிப்புகளில் மட்டும் நீர் ஓடும் கற்பாறை. குடிநீரைத் தரும் அதே வெடிப்புகள் கழிவையும் கொண்டுசெல்ல வல்லவை. ஆதலால் சாயச்சாலையையும் மலக்குழியையும் கிணற்றுக்கு மேட்டுப்புறத்தில் அமைக்கலாகாது. நொய்யலில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, விவசாயிகளின் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை அவ்வழக்கு வளர்ந்ததைப் பலரும் அறிவர்.

நிலத்தின் மேடு பள்ளத்தை அறியச் சர்வே இலாகாவின் 1:50,000 வரைபடம் உதவும். அதில் உயரக்கோடுகள் பொதுவாக 20 மீட்டருக்கு ஒன்று. ஐந்து ஏக்கர் மனைக்கு அது போதாது, மட்டக்கருவி வைத்து அளக்கத்தான் வேண்டும். எனினும் ஏரியின் வரத்துக்கால் எது, ஓடை எது, கலிங்கு நீர் எங்கே பாயும் என்பவை அதில் தெரியும். 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் நீர் புகுந்த வீடுகளில் பல, நீருக்குரிய தாழ்நிலத்தில் எழுந்தவை. கிராமக் கணக்கின் 'அ' பதிவேட்டிலும் 'மண் வயனமும் ரகமும்' என்றொரு கட்டம் உண்டு. தீர்வைக்காக எழுதப்பட்டதே அது. ஆயினும் காசில்லாமல் கிடைக்கும் தகவலை ஏன் விடவேண்டும்?

நிலம் தேர்ந்தபின் தெருவை அமைப்பதிலும் கவனம் தேவை. பிரதான சாலைக்குச் செங்குத்தாகத் தெருக்களை வரைந்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. பாவு விரித்துக் கஞ்சியிடும் தெருவுக்கு அது எப்போதும் பொருந்தாது. நிலம் சரியும் திசைக்குக் குறுக்கே, ஒரே உயரத்தை ஒட்டித் தெருவை இட்டால், நெடுகிலும் தரை மட்டமாயிருக்கும். பாவைத் தாங்கும் கால்களும் ஒரே சீராக நிற்கும். மேட்டுப்புறத்தில் வடிகால் ஒன்று வெட்டி, அதன் நீரை ஓடைக்குத் திருப்பிவிட்டால், மழைநாளில் அந்நீர் தறிக்குழிகளை நாடி வாராது.