ஏழு வருஷம் காத்திருந்த ராபின் சிங்

பேட்டிங், பவுலிங் ரெண்டிலும் கைகொடுப்பவரைத்தான் ஆல்ரவுண்டர் என்கிறோம். ராபின் சிங் அப்படிப்பட்டவர். 1963-ல் டிரினிடாட் தீவில் பிறந்தார். மெட்ராஸுக்குப் படிக்க வந்து, தமிழ்நாடு அணிக்கு ஆடினார். 1989-ல் இந்தியாவுக்காக ரெண்டே ஒருநாள் போட்டி. அப்புறம் கூப்பிடவே இல்லை. மறுபடியும் இடம் கிடைத்தது 1996-ல்! அப்போது வயசு 33.

மொத்தம் 136 ஒருநாள் போட்டி, 2336 ரன், 69 விக்கெட். ஆனால் பாய்ந்து விழுந்து அவர் தடுத்த ரன் எந்தக் கணக்கிலும் வராது. தடுத்த ரன்னும் எடுத்த ரன் மாதிரிதானே! அந்த வித்தையைப் பிறகு மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 2007-ல் முதலாவது இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா ஜெயித்தபோது ஃபீல்டிங் பயிற்சியாளர் அவர்தான்.

டீமில் பேர் வரலையேன்னு அழுகிற தோழிகளே, பிராக்டீஸை விட்டுடாதீங்க!