நம்மைப் பற்றிச் சொல்லும் புத்தகத்தை எதை வைத்து நம்புவது?

ஜி.எஸ்.டி. சாலையில் காட்டாங்குளத்தூரைத் தாண்டியதும் வரும் மறைமலை நகர் என்றால் நமக்கு கார் தொழிற்சாலையும் உதிரிபாகக் கம்பெனிகளும்தான் நினைவுக்கு வரும். ஊருக்குப் பெயர் தந்த மறைமலையடிகளைத் தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடி என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். மனத்தைப் பற்றியும் அவர் நிறைய எழுதியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. ‘யோகநித்திரை அல்லது அறிதுயில்’, ‘மனித வசியம் அல்லது மனக்கவர்ச்சி’, ‘தொலைவிலுணர்தல்’, ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’ என்று 1920களிலும் 1930களிலும் அவர் எழுதிய நூல்கள் இன்று வந்திருந்தால் தன்னம்பிக்கை, உளவியல் அலமாரியில்தான் இருக்கும். அவருக்கும் முன்பே வ.உ.சிதம்பரனார், சிறையில் இருந்தபடி ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். பின்னால் அப்துற் றஹீமும், ‘எண்ணங்கள்’ எழுதிய எம்.எஸ்.உதயமூர்த்தியும் வந்தார்கள். ஆக, தன்னை அறியச் சொல்லும் புத்தகம் நமக்கு நேற்று வந்த மோகம் அல்ல. நூறாண்டுக்கு மேற்பட்ட வாசிப்புப் பழக்கம். இதையெல்லாம் படிக்கலாமா என்று இனிக் கேட்டுப் பயனில்லை. இவற்றில் எதை நம்புவது, எதை வைத்து நம்புவது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

எழுதியவரின் தகுதியை வைத்து நம்பலாம் என்பது முதலில் தோன்றும் விடை. அடிகளின் நூல்களே அது போதாது என்று காட்டுகின்றன. அவர் எழுதிய அறிதுயில், அதாவது ஹிப்னாடிசம், இன்று வலியைத் தணிக்க மருத்துவத்தில் பயன்படுகிறது. ஆய்வுகள் ஓரளவு துணை நிற்கின்றன. தொலைவில் இருப்பவர் நினைப்பதை உணரலாம் என்பதற்கோ, பல பத்தாண்டுகள் சோதித்தும் நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. நூறாண்டு வாழும் வழியை எழுதிய அடிகள் 1950இல் தம் 74ஆம் வயதில் மறைந்தார். அவருடைய புலமையிலோ நேர்மையிலோ குறை காண இதைச் சொல்லவில்லை. ஒரே அறிஞர், ஒரே உறுதியோடு எழுதியவற்றில் ஒன்று நிலைத்தது, ஒன்று நிலைக்கவில்லை. அப்படியானால் பின்னட்டையில் இருக்கும் பட்டமும் விற்பனைக் கணக்கும் எம்மட்டு?

‘எனக்காகவே எழுதியது போல இருக்கிறது’ என்ற உணர்வு அதைவிடவும் ஏமாற்றும். 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, ஆளுக்கொரு ஆளுமைக் குறிப்பு கொடுத்தார். ஐந்துக்குச் சராசரியாக நாலுக்கும் மேல் மதிப்பெண் போட்டு, தங்களை அது சரியாகச் சொல்வதாக மாணவர்கள் ஒப்புக்கொண்டார்கள். எல்லார் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு. பெரும்பகுதி ஜோதிடப் புத்தகத்தில் எடுத்தது. மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்விலும் இந்தக் கவர்ச்சி உண்டு. சில வாரம் கழித்து மறுபடி எழுதுபவர்களில் கணிசமானோருக்கு வேறு வகை வருகிறது. காரணம் எளிது. நம்மில் பெரும்பாலோர் கலகலப்புக்கும் ஒதுங்கலுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறோம். நடுவில் கோடு கிழித்தால் ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம். வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தத் தேர்வை நடத்துபவர்களே சொல்கிறார்கள்.

அப்படியென்றால் எல்லாமே பொய்யா? இல்லை. டேவிட் பர்ன்ஸ் 1980இல் எழுதிய ‘ஃபீலிங் குட்’ போன்ற, அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை அடிப்படையாகக் கொண்ட நூல்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். லேசான, நடுத்தர மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அவை உதவுகின்றன. ஒருவர் உடனிருந்து வழிகாட்டினால் இன்னும் கூடுதலாக. இந்த நூல்கள் உங்களை இன்னார் என்று வருணிப்பதோடு நிற்பதில்லை. மனத்தில் ஓடிய எண்ணத்தை எழுதச் சொல்கின்றன, அதற்குச் சான்று உண்டா என்று பார்க்கச் சொல்கின்றன, மறுவாரம் ஒப்பிடச் சொல்கின்றன. இதற்கு மறுமுனையில், தன்னைப் பற்றி நல்ல வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் முறையை 2009இல் ஜோஆன் வுட் குழுவினர் சோதித்தார்கள். தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு மனம் தேறவில்லை, மேலும் வாடியது. யாருக்கு ஆறுதல் தேவையோ அவருக்கே அது கைகொடுக்கவில்லை. ஆகவே உரைகல் இதுதான்: செய்து பார்க்க ஏதாவது தருகிறதா, பலிக்காவிட்டால் பலிக்கவில்லை என்று கண்டுகொள்ள வழி வைத்திருக்கிறதா?

வலுவான எதிர்ப்பு ஒன்று உண்டு. ஒரகடம் தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறி மாறி உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் ‘எல்லாம் உன் மனத்தில்தான்’ என்பது, கூலிக்கும் நிரந்தரத்துக்கும் பொறுப்பானவர்களைத் தப்பவிடுவது ஆகாதா? ஆகும். இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு கார் நிறுவனம் அறிவித்தபோது, அதன் மறைமலை நகர்த் தொழிலாளர்கள் தவறாக எண்ணியதால் அது நடக்கவில்லை. ஆனால் மனத்தைக் கவனிப்பவன் உலகத்தைக் கைவிடுவான் என்பதும் சரியல்ல. ‘மனம்போல வாழ்வு’ தந்த கைதான் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது, 1908இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியது. வெளியே மாற்ற வேண்டியதை உள்ளே தேடச் சொல்லும் புத்தகத்தைத்தான் தள்ள வேண்டும்.

படித்த நேரத்தில் ஆறுதலாவது கிடைக்கிறதே, அதைக் கெடுப்பானேன் என்பார்கள். ஆறுதலுக்குப் படிப்பதில் பிழையில்லை. அதையே அறிவு என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல். தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடிக்கும் ஒருவர் அடுத்த புத்தகத்தை வாங்கிக்கொண்டிருந்தால் சிகிச்சை தள்ளிப்போகிறது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேச முடியும். மற்றவர்கள் ஒரு நூலின் ஓர் அத்தியாயத்தை இரண்டு வாரம் கடைப்பிடித்துப் பார்த்து, என்ன மாறியது என்று கூட வேலை செய்பவரையோ வீட்டில் இருப்பவரையோ கேட்கலாம். நம் பதற்றத்தை நாம் நன்றாக அறிவோம். நம் அறிவுக்கூர்மை போன்றவற்றை அருகில் இருப்பவர்கள் நம்மைவிடச் சரியாகக் கணிக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அவர்கள் கண்ணுக்கு எதுவுமே மாறவில்லை என்றால், எவ்வளவு பிடித்த புத்தகமானாலும் அதை எடுத்து வைத்துவிடலாம்.