உங்களுக்குத் தெரியுமா? பீர் விலையில் நாற்காலி வாடகையும் உண்டு!

பிரிட்டனில் 'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். ஊருக்குப் பொதுவான வீடு என்று பொருள். அங்கே 568 மில்லி கொண்ட ஒரு பைன்ட் பீர் இன்று சராசரியாக 5 பவுண்டை ஒட்டி விற்கிறது. அதில் பார்லியின் பங்கு சொற்பம். மதுவரி, 20 சதவீத வாட் வரி, கட்டட வாடகை, ஊழியர் சம்பளம், மின்கட்டணம் எல்லாம் அந்த ஒரே கிளாஸில்தான் வந்து சேர்கின்றன. 1946-இல் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் தன் கனவு பப்பை வர்ணித்தபோதும் பீரைவிடச் சூழலுக்கே முதலிடம் தந்தார்: ரேடியோவும் பியானோவும் இல்லாத அமைதி, வாடிக்கையாளரைப் பெயரால் அறிந்த பணிப்பெண்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் டின் பீர் மலிவாகக் கிடைக்கும்போது நலிந்த பப்பை ஏன் தாங்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே கிளாஸை வைத்துக்கொண்டு மாலை முழுக்கப் பேசியிருக்கும் உரிமை டின்னில் அடைபட்டு வருவதில்லை. அரசும் இந்த வேறுபாட்டை ஏற்றிருக்கிறது: 2023 ஆகஸ்ட் முதல், பீப்பாயிலிருந்து பிடித்துத் தரும் பீருக்கு மதுவரி குறைவு. 2025 பிப்ரவரியில் அதை மேலும் குறைத்தபோது கிடைத்ததோ பைன்டுக்கு ஒரு பென்னி அளவே. யானைப் பசிக்குச் சோளப்பொரி! விலை ஏற ஏற முதலில் விலகுபவர் தினமும் வரும் எளியவர். அவர் போனபின் பப் வெறும் மதுக்கடைதான்.