குளிர் விரட்டும் பெல்லட் அடுப்பு... வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

ஜனவரி பிறந்தால் வட இத்தாலியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர் இறங்குவது சர்வசாதாரணம். மிலன், டுரின் பக்கத்து வீடுகள் பலவற்றில், ஹாலின் ஒரு மூலையில் கண்ணாடிக் கதவு வைத்த சின்ன பீரோ போல ஒன்று தகதகவென எரிந்துகொண்டிருக்கும். அதுதான் பெல்லட் அடுப்பு. சமைப்பதற்கு அல்ல, வீட்டைச் சூடாக்குவதற்கு!

1980-களில் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்த இந்த அடுப்பு, இன்று ஐரோப்பாவிலேயே இத்தாலியில்தான் அதிகம் விற்கிறது. எரிபொருள், மரத்தூளை அழுத்திச் செய்த 6 மி.மீ. தடிமனுள்ள குச்சிகள். பார்க்க மாட்டுத்தீவனக் குச்சி மாதிரியே இருக்கும். மேலே உள்ள தொட்டியில் கொட்டிவிட்டால், மோட்டாரில் சுழலும் திருகு கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். ஒரு விசிறி சூடான காற்றை அறைக்குள் அனுப்பும். இன்னொன்று புகையைக் குழாய் வழியே வெளியேற்றும்.

பெரிசு வாங்கினால் நல்லதா?

பலரும் சறுக்குவது இங்கேதான். 'எதற்கும் இருக்கட்டும்' என்று 12 கிலோவாட் அடுப்பை வாங்கிவிடுவார்கள். சுவரும் ஜன்னலும் குளிரை நன்றாகத் தடுக்கும் 750 சதுர அடி வீட்டுக்கு 6 முதல் 8 கிலோவாட்டே போதும். பெரிய அடுப்பு சட்டென்று அறையைச் சூடாக்கிவிட்டு, பிறகு நாள் முழுக்கச் சிறு தீயில் திணறும். அல்லது அணைந்து அணைந்து எரியும். கண்ணாடியில் கரி படியும், பற்றவைக்கும் பாகம் சீக்கிரம் தேயும். காசும் வீண். அதே அளவுள்ள பழைய கல் வீடு என்றால் கணக்கே வேறு. அதனால் முதலில் அளக்க வேண்டியது வீட்டை!

சாதாரண மாடல் தான் இருக்கும் அறையைத்தான் சூடாக்கும். கதவு சாத்திய படுக்கையறைக்கும் சூடு வேண்டுமென்றால், குழாய் வழியே காற்றை அனுப்பும் மாடலோ, ரேடியேட்டருக்கு வெந்நீர் அனுப்பும் மாடலோ தேவை.

கரன்ட் போனால்?

திருகும் விசிறியும் நின்றுவிடும். பனிப்பொழிவில் மின்கம்பி அறுந்து விழும் மலைக் கிராமங்களில் பேட்டரி இணைப்பு அவசியம். இல்லையென்றால், கரன்ட் தேவைப்படாத விறகு அடுப்பே கைகொடுக்கும்.

உயிர் விஷயம்

எரியும் எந்த அடுப்பும் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஆகவே புகைக்குழாயைப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்தான் பொருத்த வேண்டும். வெளிக்காற்று உள்ளே வர வழி, வருடம் ஒருமுறை குழாய் சுத்தம், விஷவாயு வந்தால் அலறும் அலாரம்... இந்த மூன்றிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அக்கம்பக்கத்தார் சுவாசமும் முக்கியம். மலைகள் சூழ்ந்த போ நதிச் சமவெளியில் குளிர்காலக் காற்று அசையாமல் நிற்பதால், புகையும் அங்கேயே தங்கிவிடும். 2017-ல் வந்த இத்தாலிய விதிப்படி அடுப்புகளுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரம் உண்டு. நட்சத்திரம் கூடினால் மாசு குறைவு. அந்தச் சமவெளியில் நான்குக்குக் குறைந்ததைப் புதிதாகப் பொருத்த முடியாது.

மூட்டைக் கணக்கு

8 கிலோவாட் அடுப்பு முழு வேகத்தில் எரிந்தால் 15 கிலோ மூட்டை சுமார் எட்டு மணி நேரம் வரும். வருடத்துக்கு ஒரு டன் என்றாலும் 67 மூட்டை! ஈரம் பட்டால் குச்சிகள் உதிர்ந்து தூளாகிவிடும். அத்தனையையும் அடுக்க ஈரமில்லாத இடம் வேண்டும். மூட்டையில் 'ஈ.என். பிளஸ் ஏ1' முத்திரை இருந்தால் சாம்பல் 0.7 சதவிகிதத்தைத் தாண்டாது.

விலையும் நிலையானது அல்ல. 2022-ல் உக்ரைன் போரை அடுத்து ரஷ்ய பெல்லட்டுக்கு ஐரோப்பிய யூனியன் தடை போட்டது. அந்த வருடம் விலை இரண்டு மடங்குக்கும் மேல் எகிறியது. மலிவு என்று நம்பி மாறியவர்கள் தவித்துப்போனார்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தொட்டியை நிரப்புவதும் சாம்பல் அள்ளுவதும் தினசரி வேலை. வீட்டில் இருப்பது வயதான தம்பதி மட்டும் என்றால், அந்த 15 கிலோவைத் தூக்கப்போவது யார்? அடுப்பின் அழகைப் பார்ப்பதற்கு முன், இதற்கு வீட்டில் பதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.