ஒரு வண்டி, பல நாடுகள்

முகூர்த்த நாளில் எந்தத் திருமண மண்டபத்து வாசலில் நின்று பார்த்தாலும், அங்கே நிற்கும் வண்டிகளில் ஒன்றிரண்டாவது டொயோட்டா நிறுவனத்தின் 'இன்னோவா'வாக இருக்கும். திருப்பதிக்கும் சபரிமலைக்கும் கூட்டமாகப் போகிறவர்கள் வாடகைக்கு முதலில் கேட்பதும் அதைத்தான். பெரியவர்கள் நடு வரிசையில், பிள்ளைகள் கடைசி வரிசையில், மூட்டை முடிச்சுகள் மேலே என்று புறப்படும் நம் குடும்பத்தை அளந்து பார்த்தே யாரோ இதைச் செய்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும்.

ஆனால் இதே இன்னோவா இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் வியத்நாமிலும் பிலிப்பைன்சிலும் ஓடுகிறது. பெயர் ஒன்றே, எனினும் எஞ்சினும் எரிபொருளும் இருக்கைகளின் எண்ணிக்கையும் பாதுகாப்புக் கருவிகளும் நாட்டுக்கு நாடு ஒன்றாக இருந்ததில்லை. ஏன் இப்படி என்று தேடிப் படித்தபோது, பொருளியல் மாணவனாகிய எனக்கு ஒன்று புலப்பட்டது. ஒரு வண்டியின் உருவத்தைத் தீர்மானிப்பதில் பொறியாளரின் பங்குக்குச் சற்றும் குறையாதது அந்தந்த நாட்டு வரிச் சட்டத்தின் பங்கு.

இன்னோவாவின் முன்னோர் கதை இந்தோனேசியாவில் 1977-ஆம் ஆண்டு தொடங்குகிறது. அவ்வாண்டு டொயோட்டா அங்கே 'கிஜாங்' என்ற வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கிஜாங் என்றால் அந்நாட்டு மொழியில் ஒருவகை மான். பெயர்தான் மான், பார்வைக்கோ தகரப் பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போல இருந்தது! வளைவு நெளிவுள்ள தகடுகளை அழுத்தி எடுக்கப் பெரிய இயந்திரங்கள் தேவை. அவை இல்லாமலே செய்ய வேண்டும் என்பதற்காகத் தட்டையான தகடுகளைக் கொண்டே உடலை அமைத்தார்கள். கதவுக்குக் கண்ணாடிகூடக் கிடையாது. 1,200 சி.சி. எஞ்சின் கொண்ட சிறு சரக்கு வண்டியாகத்தான் அது பிறந்தது.

அதனைக் குடும்ப வண்டியாக மாற்றியவை அந்நாட்டுப் பட்டறைகள். கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறார்கள் அல்லவா? அதுபோல அங்குள்ள பட்டறைக்காரர்கள் கிஜாங் சரக்கு வண்டியின் பின்புறத்தில் கூண்டு கட்டி, இருக்கைகள் போட்டு, ஜன்னல் வைத்துக் கொடுத்தார்கள். மக்கள் நேராக ஒரு காரையே வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். அங்கேதான் வரி குறுக்கே வருகிறது. 'செடான்' எனப்படும் சாதாரணக் காருக்கு அந்நாட்டில் சொகுசு வரி மிகுதி. சரக்கு வண்டிக்கும் மினிபஸ் வகைக்கும் குறைவு. மூன்று வரிசை இருக்கை உள்ள வண்டி மினிபஸ் கணக்கில் சேர்ந்துவிடும். இந்தோனேசியர்கள் மூன்று வரிசை வண்டியை நாடியதற்குக் குடும்பம் பெரிதாக இருந்தது ஒரு காரணம் என்றால், சர்க்காரின் வரி அட்டவணை இன்னொரு காரணம். உடலின் வடிவத்தைப் பார்த்து வரி போடும் இம்முறையை விட்டுவிட்டு, வண்டி வெளியிடும் புகையை அளவாகக் கொண்டு வரி போடும் முறைக்கு அந்நாடு மாறியது 2021 அக்டோபரில்தான்.

பிலிப்பைன்சில் நடந்தது இதைவிடச் சுவையானது. அங்கே இவ்வண்டிக்கு 'தமராவ்' என்று பெயர். அது மிண்டோரோ தீவில் மட்டுமே வாழும் சிறிய காட்டெருமையின் பெயர். (ஒரு நாட்டில் மான், இன்னொரு நாட்டில் எருமை!) அந்நாட்டுச் சட்டப்படி 2003 வரை, பத்துப் பேரோ அதற்கு மேலோ அமரக்கூடிய வண்டிக்குக் கலால் வரி கிடையாது. பிறகு கேட்பானேன்? பின்புறத்தில் எதிரெதிராக நீள இருக்கைகளைப் போட்டு, முழங்காலோடு முழங்கால் இடித்தாலும் சரி என்று கணக்கைப் பத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த வரிசையில் 'தமராவ் எஃப்.எக்ஸ்.' என்ற வண்டி நகரங்களில் பங்கு வாடகைக்கு ஓடி, 'எஃப்.எக்ஸ்.' என்றாலே அத்தகைய வாடகை வண்டி என்று பொருள்படும் அளவுக்கு மக்கள் வாயில் நிலைத்துவிட்டது. நம் 'ஷேர் ஆட்டோ' போல என்று வைத்துக்கொள்ளலாம். 2003-இல் வரியை விலையின் அடிப்படைக்கு மாற்றினார்கள். பத்தாவது இருக்கைக்கு இருந்த மதிப்பு அத்தோடு போயிற்று.

இதே வண்டி மலேசியாவில் 'அன்சர்', தைவானில் 'ஜேஸ்', தென்னாப்பிரிக்காவில் 'காண்டோர்'. நம் நாட்டுக்கு அது 2000 ஜனவரியில் 'குவாலிஸ்' என்ற பெயரோடு வந்தது. பெங்களூரை அடுத்த பிடதித் தொழிற்சாலையின் முதல் வண்டி அதுவே. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குவாலிஸின் உடலமைப்பு இந்தோனேசியாவில் 1986-இல் அறிமுகமானது. 1997-இல் அங்கே புதிய உடலமைப்பு வந்து, பழையது கழிக்கப்பட்டது. அண்ணனுக்குப் போதாத சட்டையைத் தம்பிக்குப் போடுவது போல, அதைத்தான் நமக்குக் கொடுத்தார்கள். நம் சாலைகளுக்கும் டாக்சிக்காரர்களுக்கும் அந்தச் சட்டை பொருந்திப் போனது என்பது வேறு. நன்றாக விற்றுக்கொண்டிருந்த வண்டியையே நிறுத்திவிட்டு 2005 பிப்ரவரியில் இன்னோவாவைக் கொண்டு வந்தார்கள். இந்தோனேசியாவில் இன்னோவா வெளிவந்தது 2004 செப்டம்பரில். பதினான்கு ஆண்டு இடைவெளி ஐந்து மாதமாகச் சுருங்கிவிட்டது!

இன்னோவா ஒரு தனி நாட்டின் வண்டியன்று. அதன் டீசல் எஞ்சின் தாய்லாந்திலும், பெட்ரோல் எஞ்சின் இந்தோனேசியாவிலும், கியர் பெட்டி இந்தியாவிலும் பிலிப்பைன்சிலும் செய்யப்பட்டு, நாடு விட்டு நாடு போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். இப்படி ஒரே உறுப்புகளைப் பகிர்ந்துகொண்டும், விற்பனைக்கு நின்ற வண்டிகள் ஒன்றாக இல்லை. மலேசியாவிலும் வியத்நாமிலும் 2,000 சி.சி. பெட்ரோல் எஞ்சின். நம் நாட்டிலோ பெட்ரோல் வகை ஒன்று இருந்தும், சாலையில் ஓடியவற்றில் பெரும்பாலானவை 2,494 சி.சி. டீசல் வண்டிகள். காரணம் நாம் அறிந்ததே. பெட்ரோல் விலையின் மீதிருந்த கட்டுப்பாட்டை மத்திய அரசு 2010 ஜூனில் நீக்கியது. டீசலுக்கு 2014 அக்டோபர் வரை நீக்கவில்லை. உழவருக்கும் லாரிக்கும் என்று மலிவாக வைத்த டீசலில், கல்யாண வீட்டுக் கூட்டமும் சுற்றுலாக் கூட்டமும் சேர்ந்து பயணம் செய்தன.

வரிக்கு அடுத்து நீதிமன்றமும் வண்டியை மாற்றும். டில்லியின் காற்று நச்சானதைக் கண்ட உச்ச நீதிமன்றம், 2,000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் வண்டிகளைத் தலைநகர வட்டாரத்தில் பதிவு செய்யக் கூடாது என்று 2015 டிசம்பரில் ஆணையிட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் இங்கு வெளிவந்த 'இன்னோவா கிரிஸ்டா'வின் டீசல் எஞ்சின்கள் 2,393 சி.சி., 2,755 சி.சி. இரண்டுமே கோட்டுக்கு அந்தப் பக்கம்! விளைவாக 2,694 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பொருத்திய கிரிஸ்டா 2016 ஆகஸ்டில் வந்தது. அதே மாதம் ஒரு விழுக்காடு கட்டணத்தோடு தடையும் நீங்கியது. வாங்குகிறவர் பெட்ரோல் வண்டி கேட்டதனால் அன்று, நீதிமன்றம் ஒரு கோடு கிழித்ததனால் பிறந்த வண்டி அது.

இதுவரை சொன்ன வேறுபாடுகளில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. ஒவ்வொரு நாட்டின் தேவை ஒவ்வொரு விதம். ஆனால் ஒரு வேறுபாட்டை மட்டும் என்னால் அப்படி ஏற்க முடியவில்லை. மோதலின்போது சட்டென்று விரிந்து மார்பையும் தலையையும் காக்கும் காற்றுப்பை, தொடக்க ஆண்டுகளில் நம் நாட்டு இன்னோவாவின் விலை குறைந்த வகைகளில் இல்லை; விலை உயர்ந்த வகைக்கே உண்டு. வாடகைக்கு ஓடியவை பெரும்பாலும் விலை குறைந்தவை. ஆகவே சொந்தமாக உயர்ந்த வகை வாங்கிய நால்வருக்குக் கிடைத்த காப்பு, பங்கு போட்டு வாடகைக்குப் பிடித்த எட்டுப் பேருக்குக் கிடைக்கவில்லை. நிறுவனத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை; நம் சட்டம் கேட்கவில்லை, அவர்கள் வைக்கவில்லை. ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம் என்று இங்கே விதி வந்தது 2019 ஜூலையில். பக்கத்தில் அமர்பவருக்கும் என்று ஆனது 2021-இல். வண்டிகளை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் 'பாரத் என்கேப்' திட்டம் 2023 அக்டோபரில்தான் தொடங்கியது. இன்னோவாவின் அடுத்த தலைமுறையான 'ஹைகிராஸ்' 2025-இல் அச்சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. செய்ய முடியாததாக இருந்ததில்லை; கேட்கத்தான் ஆளில்லை.

அந்த ஹைகிராஸ் முற்றிலும் வேறு இனம். பழைய இன்னோவாவில் லாரியைப் போலத் தனிச் சட்டம் ஒன்றின்மேல் உடல் அமர்ந்திருக்கும். எஞ்சின் பின்சக்கரத்தைச் சுழற்றும். இதில் தனிச் சட்டம் இல்லை, முன்சக்கரம் இழுக்கும், டீசலும் இல்லை. பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டார் சேர்ந்த கலப்பு வகையும் உண்டு. இந்தோனேசியாவில் 'ஜெனிக்ஸ்' என்ற பெயரில் 2022 நவம்பர் 21-ஆம் நாளும், இங்கே 25-ஆம் நாளும் அறிமுகமாயிற்று. இடைவெளி நான்கே நாட்கள்! எனினும் டீசலை நம்பியவர்களை விட மனமில்லாமல், பழைய கிரிஸ்டாவை டீசல் வண்டியாக 2023-இல் மீண்டும் இங்கே விற்பனைக்கு வைத்தார்கள். இந்தோனேசியாவிலும் பழையது புதியதோடு சேர்ந்தே விற்றது.

இத்தனை நாடுகளைச் சொன்னேன். டொயோட்டா பிறந்த ஜப்பானைச் சொல்லவில்லை. அங்கே இன்னோவாவை விற்றதே இல்லை. அகலம் 1.7 மீட்டர், நீளம் 4.7 மீட்டர், எஞ்சின் 2,000 சி.சி. என்ற எல்லைக்குள் அடங்கும் வண்டியை ஜப்பானியச் சட்டம் தனி வகுப்பாக வைத்திருக்கிறது. அதற்குள் அடங்க வேண்டும் என்பதற்காகவே 2001-இல் வந்த 'நோவா' என்ற குடும்ப வண்டியின் அகலத்தை 1,695 மில்லிமீட்டரில் நிறுத்தினார்கள். குறுகிய இடத்தில் நிறுத்தினாலும் ஏறி இறங்க வசதியாக, பக்கவாட்டில் நகரும் கதவும் தாழ்ந்த தளமும் அதற்கு உண்டு. நம் இன்னோவாவோ அகலத்திலேயே எல்லையைத் தாண்டிவிட்டது. கதவும் வெளிப்புறமாகத் திறப்பது. டொயோட்டாவின் சொந்த ஊர்க் குடும்பம் ஒன்று இன்னோவாவில் ஏறிப் பார்க்க விரும்பினால், ஜகார்த்தாவுக்கோ நம் ஊர்க் கல்யாணத்துக்கோதான் வர வேண்டும்.