வார இறுதிக்கு உற்சாக வீடியோக்கள்: தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை செல்லும் இடம் யூட்யூப் தளம். மனதிற்குத் தெம்பு தரும் வீடியோ ஒன்றைப் பார்க்கலாம் என்று உட்காருவோம். இரண்டு மணி நேரம் கழித்து எழும்போது என்ன பார்த்தோம் என்பதே நினைவிருக்காது. முதல் வீடியோவை மட்டும்தான் நாம் தேர்ந்தெடுத்தோம். மற்றவற்றைத் தளமே அடுத்தடுத்து ஓட்டிவிட்டது. இதைத் தவிர்க்கச் சில வழிகளைப் பார்ப்போம்.

1. பெயரைக் கொடுத்துத் தேடுங்கள்

"தன்னம்பிக்கை வீடியோ" என்று தேடினால், பின்னணி இசையும் பொன்மொழிகளுமாக ஏராளமாக வந்து நிற்கும். அதற்குப் பதில் ஒருவரின் பெயரையும் ஊரையும் டைப் செய்யுங்கள். "கோவை முருகானந்தம்" என்று தேடிப் பாருங்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். குறைந்த விலையில் சானிட்டரி நாப்கின் தயாரிக்கும் மெஷினை உருவாக்கியவர். 2016ல் பத்மஸ்ரீ பெற்றவர். 2012ல் அவர் ஆங்கிலத்தில் பேசிய பேச்சு டெட் தளத்தில் உள்ளது. தான் பட்ட அவமானங்களைக்கூடச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார்.

அடுத்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பற்றி துளசிராஜ் 2009ல் மைசூரில் ஆற்றிய உரை. டாக்டர் வெங்கடசாமி ஓய்வு பெற்ற பின் 1976ல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை இது. கட்டணம் செலுத்துபவர்கள் தரும் பணத்தைக் கொண்டே ஏழைகளுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்ய முடிவது எப்படி என்று விளக்குகிறார்.

2. மூன்று செட்டிங்குகள்

வீடியோவின் கீழே உள்ள ஆட்டோபிளே சுவிட்சை அணைத்துவிடுங்கள். அடுத்த வீடியோ தானாக ஓடாது. பல்சக்கரம் போன்ற படத்தில் கிளிக் செய்து குவாலிட்டியை 360க்குக் குறைத்தால் டேட்டா மிச்சமாகும். ஆங்கிலப் பேச்சு புரியவில்லை என்றால், அதே மெனுவில் சப்டைட்டிலைத் தேர்ந்தெடுத்து, தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. மறுபக்கத்தையும் பாருங்கள்

எங்கள் விருதுநகர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்து சிவகாசியில் தொடங்கினார்கள். பட்டாசும் அச்சுத் தொழிலும் பின்னால் வளர்ந்தன. வானம் பார்த்த பூமி "குட்டி ஜப்பான்" என்று பெயர் எடுத்தது. கேட்கும்போதே உற்சாகம் வருகிறது.

ஆனால் அதே ஊரைப் பற்றி 1990ல் சலம் பென்னுர்கர் எடுத்த "குட்டி ஜப்பானின் குழந்தைகள்" என்ற ஆவணப்படமும் இருக்கிறது. தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போன சிறுவர் சிறுமிகளின் கதை அது. இந்தப் பிரச்னை சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. 1996 டிசம்பர் 10ல் வந்த தீர்ப்பு, சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. முன்னேறிய கதையை மட்டும் பார்ப்பவருக்கு அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது தெரியாமலே போய்விடும். இரண்டையும் பார்த்தால்தான் ஊரின் கதை முழுமையாகும். குழந்தைகளுக்காக வழக்காடியவர்களின் உழைப்பும் உற்சாகம் தரக்கூடியதுதான்.

4. நம்பும் முன் சோதியுங்கள்

வீடியோவில் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் இருக்கின்றனவா? இல்லையென்றால் அது கட்டுக்கதையாக இருக்கலாம். இருந்தால் அந்தப் பெயரைத் தனியாகத் தேடி, வேறு செய்தித்தாளிலும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். அதன் பிறகு நண்பர்களுக்கு அனுப்புங்கள்.

இந்த ஞாயிறு இரண்டே வீடியோக்கள் போதும். அவற்றின் பெயரைச் சனிக்கிழமையே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பார்த்து முடித்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பார்த்ததை வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லுங்கள். வீடியோ முடிந்த பிறகும் அந்த உற்சாகம் தங்கும்.