செவிலிய ஆசிரியரும் வரவுசெலவு ஏடும்

அறுவை முடிந்து படுக்கைக்கு வந்த நோயாளியின் மூச்சு நிமிடத்துக்கு 16இலிருந்து 24 ஆக ஏறுகிறது. குருதியழுத்தம் இயல்பாகவே இருக்கிறது, காய்ச்சலும் இல்லை. ஆயினும், உள்ளே தொடங்கிவிட்ட கேட்டுக்கு அந்த எண்ணே முதல் அறிகுறியாகலாம். முழு நிமிடமும் நின்று எண்ணிய செவிலியர் அதை அறிவார். பார்வையால் மதிப்பிட்டு 18 என்று எழுதிச் சென்றவர் அறியார். இந்த வேறுபாட்டில் கல்விக்கும் பங்குண்டு.

பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஏக்கன் குழுவினர் 2003இல் ஒரு முடிவை வெளியிட்டனர். செவிலியருள் பட்டம் பெற்றோரின் பங்கு 10 விழுக்காடு கூடிய இடங்களில், அறுவை நோயாளிகள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 விழுக்காடு குறைந்திருந்தது. இது தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை முற்றாக நிறுவாது. எனினும், அச்செவிலியரை உருவாக்கும் ஆசிரியரைப் புறக்கணிக்க இனி நமக்கு உரிமையில்லை.

அவ்வாசிரியருக்குப் பாடம் நடத்தும் திறன் மட்டும் போதாது; பள்ளியின் பணிநேரத்தையும் பணத்தையும் ஆளவும் தெரிய வேண்டும். வரலாறு இதைக் காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் செவிலியப் பள்ளிகள் பலவும் மாணவியரின் உழைப்பால் மருத்துவமனைகளை நடத்தின. பகலெல்லாம் பணி, இரவில் சோர்ந்த உடலோடு பாடம். 1894இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பள்ளியின் தலைமையை ஏற்ற மேரி அடிலெய்டு நட்டிங், பல பள்ளிகளின் வேலைநேரங்களைத் திரட்டி 1896இல் தலைமைச் செவிலியர் மாநாட்டின்முன் வைத்தார். தம் பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பையும் 8 மணி வேலைநாளையும் கொண்டுவந்தார்.

1899இல், செவிலியத் தலைவர் இசபெல் ஹாம்ப்டன் ராப் முன்னின்று முயன்றதால், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் செவிலிய ஆசிரியர்க்கென ஒரு பாடநெறி பிறந்தது. அதன் பெயர் ‘மருத்துவமனைப் பொருளியல்’. அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்ததை எண்ணி வியக்கிறேன். வரவுசெலவு ஏட்டைப் படிக்கத் தெரியாத ஆசிரியர் மாணவியருக்கு ஓய்வு வேண்டுமென இரந்து நிற்கலாம். ஓய்வளித்தால் ஊதியச் செவிலியர் எத்தனை பேர் வேண்டும், செலவு எவ்வளவு, அதை எங்கிருந்து பெறலாம் என்று ஆட்சிக்குழுவின்முன் நிறுவ அவரால் இயலாது. இன்றைய தலைமைப் பயிற்சித் திட்டம் எதுவாயினும், அதில் நான் முதலில் தேடுவது வரவுசெலவு பற்றிய பகுதியையே.

1907இல் நட்டிங் அக்கல்லூரியில் பேராசிரியரானார். உலகின் முதல் செவிலியப் பேராசிரியர் அவரே. 1925இல் அவர் ஓய்வு பெற்றபோது அப்பொறுப்பை ஏற்றவர், அங்கேயே பயின்று ஆசிரியரான இசபெல் மெய்ட்லண்ட் ஸ்டூவர்ட்.